கதவோரத்துப் பை

1

அம்மாவின் அறைக்கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. மண்ணிறத் துணிப்பை. பிடி இரண்டு தரம் அறுந்து, இரண்டு தரமும் கையால் தைத்தது. உள்ளே ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் உறை. அதற்குள் காணி உறுதி, எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், என்னுடைய ஏ.எல். பெறுபேறு. அடியில் ஒரு ரோர்ச் லைற், ஒரு மட்டை தலையிடிக் குளிசை, மடித்த சீலை ஒன்று. நாங்கள் இப்போது இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடி பிளாற் ஒன்றில். போர் முடிந்து பதினாறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

"ஏனம்மா இது இன்னும்?" என்று ஒருக்கா கேட்டேன்.

"கிடக்கட்டுமே பிள்ளை. அது என்ன சாப்பாடா கேக்குது?"

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலும் இப்படியொரு பை இருக்கிறது. சில வீடுகளில் சூட்கேஸ், சில வீடுகளில் பிஸ்கற் ரின்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரத்தை வெட்டினார்கள். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றது. நான் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட இடம் தேடி அலைந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். அம்மா குசினிக்குள் நின்று பழைய ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் சின்னத் திரி, திரி நனைய மட்டும் எண்ணெய். போத்தல் கண்ணாடி காற்றை மறைக்கும், எண்ணெயும் குறைவாகச் செலவாகும். 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விழுந்து, மின்சாரமும் போனபிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை படித்தது இந்த விளக்கில்தான். அன்றைக்கு மண்ணெண்ணெய், இன்றைக்கு தேங்காயெண்ணெய். அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைக் குழப்பியது விளக்கு இல்லை. அம்மா வருடக்கணக்காக நித்திரைக் குளிசை போடுபவர். குளிசை போட்டும் இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் கதவுப் பூட்டைப் பார்ப்பவர். நாடே நித்திரை இல்லாமல் கிடந்த அந்தக் கிழமைகளில் அம்மா நல்லாகத் தூங்கினார். காலையில் கலகலப்பாக இருந்தார். மாடி வீடுகளுக்குப் போய் விறகடுப்பில் எப்படி அளவாக எரிப்பது என்று வகுப்பு எடுத்தார். அடுத்த வருடம் மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியது. அம்மாவின் நித்திரை திரும்பவும் போனது.

நெருக்கடியில் நிம்மதி, நிம்மதியில் நெருக்கடி. இதற்கு ஒரு பெயர் இருக்கவேண்டும் என்று தேடத் தொடங்கினேன். நான் மருத்துவர் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். ஒரு பிழை வந்தால் அது எப்போது, எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது எங்கள் தொழில். அப்படித்தான் இதையும் பார்த்தேன்.

2

போர் மனதுக்குச் செய்வதற்கு நவீன மருத்துவம் வைத்த பெயர்களின் கதை பெரும்பாலும் படைவீரர்களின் கதை. 1915 இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய உளவியலாளர் லான்செற் இதழில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். ஷெல் பக்கத்தில் வெடித்தபிறகு அவர்களுக்குப் பார்வை மங்கியது, மணமும் ருசியும் தெரியவில்லை, நினைவு தடுமாறியது. காயம் என்று காட்ட உடம்பில் ஒன்றும் இல்லை. ‘ஷெல் ஷொக்’ என்ற பெயர் மருத்துவ எழுத்துக்குள் வந்தது இப்படித்தான். வெடிப்பின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிடுகிறது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு, ஷெல் விழுந்த இடத்துக்குக் கிட்டவே போகாதவர்களுக்கும் அதே குணங்கள் வந்தன. படைத்தலைமைக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. பயத்துக்கு மருத்துவப் பெயர் கொடுத்தால் சண்டை பிடிக்க ஆளிருக்காது என்பது அவர்களின் கவலை. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரில் பிரித்தானியா தன் பக்கத்துச் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் எத்தனையோ பேர் மனம் உடைந்தவர்கள். மன்னிப்புக் கிடைக்க 2006 வரை ஆனது.

அடுத்த பெரிய பெயர் 1980 இல் வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களும் அவர்களுக்காக வாதாடிய மருத்துவர்களும் பல வருடம் போராடியபிறகு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் ‘போஸ்ட் ட்ரோமற்றிக் ஸ்ட்ரெஸ் டிஸோடர்’ என்ற நோயைச் சேர்த்தது. இன்று உலகம் முழுக்க பி.ரி.எஸ்.டி. என்று சொல்வது இதைத்தான். அந்தப் பெயரின் முதல் சொல்லைக் கவனியுங்கள். ‘போஸ்ட்’. பின். பிறகு. வியட்நாமிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சொல் பொருந்தும். போர் ஒரு கண்டத்தில், அவனுடைய வீடு இன்னொரு கண்டத்தில். விமானத்தில் ஏறியபோது அவனுக்கு ஒரு ‘முன்’ முடிந்து ஒரு ‘பின்’ தொடங்கியது. ஒஹாயோவில் கார் ஒன்று புகை கக்கி வெடித்த சத்தத்துக்கு அவன் தரையில் விழுந்தால், அது இல்லாத ஆபத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. நோய் என்று சொல்வதில் நியாயம் உண்டு.

வீட்டு முற்றத்திலேயே போர் நடந்தவனுக்கு? இருபத்தாறு வருடம் நடந்தவனுக்கு? அவன் தரையில் விழுந்தது நோயா, புத்தியா?

தமிழில் நாங்கள் வைத்த பெயர் மனவடு. சிலர் உளவடு என்பார்கள். அழகான சொல். வள்ளுவர் காலத்திலிருந்து புண் வேறு, வடு வேறு என்று பிரித்துப் பேசி வந்த மொழி இது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குள்ளும் அதே அனுமானம் ஒளிந்திருக்கிறது. புண் ஆறினபிறகு மிஞ்சுவதுதான் வடு. புண் ஆறிவிட்டது என்பதை யார் தீர்மானித்தது?

3

பிள்ளைகளைப் பற்றி முதலில் ஆழமாகப் பார்த்தது லண்டனில், இரண்டாம் உலகப் போரின்போது.

1939 செப்டெம்பர் 1 ஆம் தேதி தொடங்கி மூன்றே நாட்களில் பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேரைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் பிள்ளைகள். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. குண்டிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றினால் எல்லாம் சரி என்பதுதான் அப்போதைய கணக்கு. அதே வருடம் டிசம்பரில் ஜோன் பௌல்பி, எமானுவல் மில்லர், டொனால்ட் வினிகொட் என்ற மூன்று மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது சின்ன விஷயமில்லை, பிற்காலத்தில் அது வேறு உருவத்தில் வெளிவரும் என்று எச்சரித்தார்கள்.

அந்தக் காலத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னா ஃப்ரொய்டும் டொரத்தி பர்லிங்காமும் போரால் வீடிழந்த, குடும்பம் பிரிந்த பிள்ளைகளுக்காக விடுதிகள் நடத்தினார்கள். அன்னா ஃப்ரொய்ட் தானே ஓர் அகதி. நாஜிகள் வியன்னாவுக்குள் வந்த 1938 இல் தகப்பன் சிக்மண்ட் ஃப்ரொய்டோடு தப்பி வந்தவர். அந்த விடுதிகளில் அவர்கள் நாளாந்தம் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வந்த முடிவு அன்றைக்கு ஆச்சரியமானது. குண்டு விழுவதைவிடத் தாயைப் பிரிவதுதான் சின்னப் பிள்ளைகளைக் கூடுதலாக உலுக்குகிறது. தாய் பக்கத்தில் இருந்து, தாயும் பதறாமல் இருந்தால், பிள்ளை இடிபாடுகளுக்கு நடுவிலும் விளையாடும். தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கும். பிள்ளை போரை வானத்தில் பார்ப்பதில்லை, தாயின் முகத்தில்தான் பார்க்கிறது.

இதை வாசித்த அன்று எனக்கு பங்கர் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு பங்கர் மாமரத்துக்குக் கீழே ‘ட’ வடிவில் வெட்டியது. மேலே தென்னங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. உள்ளே போனதும் அம்மா என்னிடமும் தம்பியிடமும் வாய்ப்பாடு கேட்பார். இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு என்று லேசானது இல்லை, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது. பிழை விட்டால் முதலிலிருந்து சொல்லவேண்டும். வெளியே என்ன விழுந்தாலும் அம்மா பிழையைப் பிடிப்பதில்தான் குறியாக இருப்பார். எனக்கு இன்றைக்கும் பதின்மூன்றாம் வாய்ப்பாடு தடக்காமல் வரும். அம்மா அன்னா ஃப்ரொய்டைப் படித்தவரில்லை. சங்கக் கடையில் கணக்கெழுதியவர்.

ஆனால் லண்டனின் முடிவை அப்படியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முடியாது. லண்டனில் தொடர்ந்து குண்டு விழுந்த ‘பிளிற்ஸ்’ காலம் 1940 செப்டெம்பரிலிருந்து 1941 மே வரை, எட்டு மாதம். ஒரு தாய் எட்டு மாதத்துக்கு முகத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். எட்டு வருடத்துக்கு? நீண்ட போர் என்பதற்கு அர்த்தம் குண்டுகள் கூட என்பது மட்டுமில்லை. பிள்ளை பார்க்கிற அந்த முகமே போரால் மாறிப்போகும். பிறகு அந்தப் பிள்ளையே தாயாகும்.

4

அந்தப் பை வீட்டுக்கு வந்தது 1987 ஒக்டோபரில். அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கி, சனம் நல்லூர்க் கோயிலுக்குள் போய் அடைந்த நாட்கள். நான் கைக்குழந்தை. அந்த மாதம் 21 ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டதில் நோயாளர், மருத்துவர், தாதியர் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எது பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது என்று அம்மா சொல்வார். "ஆஸ்பத்திரியே இல்லையெண்டால் பேந்து எங்க போறது?"

எனக்கு ஞாபகம் தொடங்குவது அதற்குப் பிறகு. எட்டு வயதில் எங்களுக்கு விமானங்களைச் சத்தத்திலேயே பிரிக்கத் தெரியும். ஹெலியின் சத்தம் வேறு, புக்காராவின் சத்தம் வேறு. ‘சகடை’ என்று ஊர் பெயர் வைத்த மெதுவான விமானம் வேறு. ஷெல் கூவிக்கொண்டு போனால் எங்களுக்கில்லை, சத்தம் நின்றால் குப்புறப் படுக்கவேண்டும். மணிக்கூட்டில் நேரம் பார்க்கப் பழக முதலே இதைப் பழகினோம். பயமாக இருந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் இல்லை. பெருமையாக இருந்தது. வகுப்பில் யார் முதலில் சரியாகச் சொல்கிறார்கள் என்று போட்டி.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். படை முன்னேறி வந்துகொண்டிருந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் ஓரிரு ஒடுங்கிய தெருக்களால் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தார்கள். நான் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கையை அல்ல, பையை. அம்மாவின் ஒரு கையில் தம்பி, மறு கையில் சைக்கிள். அப்பா அப்பம்மாவைத் தாங்கிக்கொண்டு பின்னால். அந்த இரவு அம்மா வாய்ப்பாடு கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்த இரவு.

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் தேதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நகையையும் பணத்தையும் பறித்து, எடுத்துப்போகும் பைகளையும் சோதித்து அனுப்பினார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. எல்லைக் கிராமங்களில் சிங்களப் பிள்ளைகள் புலிகளுக்குப் பயந்து இரவில் காட்டுக்குள் படுத்தார்கள். கதவோரத்துப் பைக்கு இனம், மதம் இல்லை. எங்கள் பையைப் பற்றி எழுதும்போது, பை கொண்டுபோக விடப்படாதவர்களை மறந்தால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

1996 இல் திரும்பி வந்தோம். ஊர் இராணுவத்தின் கையில். கேட்கவேண்டிய சத்தம் மாறியது. இப்போது நாய். இரவில் நாய் குரைப்பு ஒழுங்கை முனையிலிருந்து ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தால், சப்பாத்துக் கால்கள் வருகின்றன. காலையில் சுற்றிவளைப்பு. முகமூடி போட்ட தலையாட்டி முன்னால் வரிசையில் நிற்கவேண்டும். அந்தத் தலை மேலும் கீழும் ஆடினால் ஆள் முடிந்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியபிறகு வெள்ளை வான். வன்னியில் வேறு பயம்: வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் கேட்டு வந்தார்கள். பதினெட்டு நிறையாத பிள்ளைகளையும் கொண்டுபோனார்கள். தாய்மார் பிள்ளைகளைக் குழிக்குள் ஒளித்தார்கள், அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள்.

என் தொழிலில் ‘அலேர்ட்’ என்று ஒன்று உண்டு. கணினி அமைப்பில் ஏதாவது பிழைத்தால் நடுச்சாமத்திலும் போன் அலறும். எந்த அளவுக்கு மேல் போனால் அலறவேண்டும் என்று ஓர் எல்லை வைப்போம். எல்லையைக் கூட வைத்தால் உண்மையான ஆபத்து தப்பிப்போகும், குறைத்து வைத்தால் சும்மா சும்மா அலறும். இரண்டு பிழையும் ஒரே பெறுமதி இல்லை. சும்மா அலறினால் ஒரு நித்திரை போகும். அலறாமல் விட்டால் எல்லாம் போகும். இருபத்தாறு வருடம் ஒரு சமூகமே எல்லையை அடியில் இறக்கி வைத்திருந்தது. அது சரியான முடிவு. அதனால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். 2009 மே மாதத்தில் அந்த எல்லையை யாரும் திரும்ப உயர்த்தி வைக்கவில்லை. எப்படி உயர்த்துவது என்றும் தெரியாது. உயர்த்தலாம் என்று உறுதி சொல்லவும் ஆளில்லை.

5

இதையெல்லாம் உள்ளிருந்தே பார்த்து எழுதிய ஒருவர் இருந்தார் என்பது எங்கள் அதிர்ஷ்டம். தயா சோமசுந்தரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர். வடக்கில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில் அங்கேயே இருந்தவர். ‘முறிந்த பனை’ நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். அதன் இன்னொரு ஆசிரியர் ராஜினி திரணகம 1989 செப்டெம்பரில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். போர் மனதுக்குச் செய்ததைப் பற்றி சோமசுந்தரம் 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பிறகு சமூகங்கள் அடைந்த காயம் பற்றி 2014 இல் இன்னொன்று.

அவரிடம் வந்தவர்கள் ‘மனம் சரியில்லை’ என்று சொல்லி வரவில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், உடம்பு உளைவு, பெருமூச்சு என்று உடம்பைத்தான் சொன்னார்கள். என் அம்மாவும் இன்றுவரை டொக்டரிடம் போய்ச் சொல்வது, "தலை ஒரு பக்கம் இடிக்குது." இன்னொன்றையும் அவர் கவனித்தார். போர் உக்கிரமான காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலைகள் குறைந்தன. போர்க் காலத்தில் தற்கொலை குறைவதை பிரெஞ்சுச் சமூகவியலாளர் டுர்க்ஹைம் 1897 இலேயே எழுதியிருக்கிறார். வெளியே பொதுவான ஆபத்து இருக்கும்போது சனம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அம்மாவின் 2022 நித்திரை எனக்கு ஓரளவு விளங்கியது இங்கேதான். அந்த மாதங்களில் அம்மாவின் பயத்துக்கும் வெளியுலகத்துக்கும் பொருத்தம் இருந்தது. எல்லோரும் பயந்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தேவைப்பட்டது.

எண்களும் இதையே சொல்கின்றன என்று நினைக்கிறேன். போர் முடிந்த உடனே, 2009 நடுப்பகுதியில், யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வீடுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பி.ரி.எஸ்.டி. குணங்கள் இருந்தவர்கள் 7 வீதம். மனச்சோர்வு 22 வீதம். பதகளிப்பு 33 வீதத்துக்குக் கிட்ட. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் பதகளிப்பு பாதிப்பேரை நெருங்கியது. ‘பின்’ என்ற சொல் உள்ள பெட்டிக்குள் 7 வீதம்தான் விழுந்தது. மற்றவர்கள் நல்லாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கு நடந்தது ஒரு நாளில் நடந்து முடிந்த சம்பவம் இல்லை. என்ன வரப்போகுதோ என்று காத்திருப்பதுதான் அவர்களின் வாழ்க்கை.

பிள்ளைகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. 2002 சமாதான காலத்தை ஒட்டி வன்னியில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் 92 வீதமானவர்கள் குண்டுவீச்சு, ஷெல், நெருங்கியவரின் சாவு போன்ற கடுமையான ஒன்றையாவது சந்தித்திருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு பி.ரி.எஸ்.டி. இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமான ஒன்றைக் காட்டியது. போரும் சுனாமியும் மட்டுமல்ல, வீட்டுக்குள் விழுந்த அடியும் அதே கணக்கில் சேர்ந்தது. தகப்பனின் குடி கூடக் கூடப் பிள்ளைக்கு அடியும் கூடியது. போர் வாசலோடு நிற்பதில்லை. ஷெல்லுக்கு பங்கர் வெட்டலாம், உடைந்துபோன தகப்பனுக்கு எந்த பங்கர்? என் வகுப்பில் முதுகைச் சுவரோடு சேர்த்தே உட்காரும் ஒருத்தி இருந்தாள். நாங்கள் ஆமிக்குப் பயம் என்று நினைத்தோம்.

இங்கே ஒரு மறுபேச்சும் உண்டு. டெரெக் சம்மர்ஃபீல்ட் என்ற பிரித்தானிய மனநல மருத்துவர் 1999 இல் கடுமையாக எழுதினார்: போரில் வாடிய மக்களுக்கு நோயாளிப் பட்டம் கொடுத்து ஆற்றுப்படுத்துநர்களை அனுப்பினால், நீதி, நிலம், வேலை என்று அவர்கள் கேட்பதெல்லாம் பின்னால் போய்விடும். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு ஆற்றுப்படுத்துநர்கள் கரையோரம் முழுக்க வந்து இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். இலங்கையரிடம் ஆய்வு செய்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவும் இதற்குக் கிட்டவாக ஒன்றைக் கண்டார். பாதிப்பை ‘எனக்குள்ளே’ நடந்தது என்பதைவிட, உறவுகளுக்கிடையே நடந்தது என்றே மக்கள் சொன்னார்கள். குடும்பத்தில், ஊரில் தன் இடத்தை இழந்ததே பெரிய காயம்.

1972 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் பஃபலோ கிறீக் என்ற இடத்தில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து ஊர்களை அடித்துப்போனது. அதை ஆராய்ந்த கை எரிக்சன், ஆட்கள் அடைந்த அதிர்ச்சி ஒன்று, ஊரே அடைந்த அதிர்ச்சி இன்னொன்று என்று பிரித்துச் சொன்னார். சோமசுந்தரம் அந்தக் கருத்தை வன்னிக்குக் கொண்டுவந்தார். அவர் பட்டியலிடுவது நோய்க்குணங்களை அல்ல: யாரையும் நம்பாமை, மௌனம், முன்முயற்சி இல்லாமை, எதற்கும் பிறர் கையை எதிர்பார்த்தல். தலையாட்டி முன்னால் வரிசையில் நின்ற ஊருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மருந்து தேடும்போதும் அவர் ஊருக்குள்ளேயே தேடினார். ஆசிரியர்களையும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களையும் பழக்கினார். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்து மந்திரம், திக்ர், செபமாலை என்று சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததையே கையிலெடுத்தார்.

6

‘பின்’ என்பதே வராதவர்களைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஊரில் சாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம். ஒவ்வொன்றும் துக்கத்துக்கு ஒரு படி. அழுவதற்கு நாள், சாப்பிடத் தொடங்க நாள், வெளியே போக நாள். மனநல மருத்துவம் வருவதற்கு முன்பே எங்களிடம் இருந்த மனநல ஏற்பாடு அது. உடல் கிடைக்காத வீட்டுக்கு அதில் ஒரு படியும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். காணாமல் போனவருக்கு அந்தியேட்டி செய்தால் நீயே அவரைக் கொன்றது போல. செய்யாவிட்டால் வாழ்க்கை அந்த நாளிலேயே நின்றுவிடும். பொட்டு வைப்பதா விடுவதா என்பது ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் எழும் கேள்வி.

2017 பெப்ரவரி 20 ஆம் தேதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் படங்களோடு குந்தினார்கள். வருடங்கள் போய்விட்டன. குந்திய தாய்மார் பலர் பதில் தெரியாமலேயே இறந்துவிட்டார்கள். ‘இன்னுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. புண் திறந்து கிடக்கும்போது வடுவைத் தடவச் சொல்லும் கேள்வி அது. அவர்களுக்கு ஆற்றுப்படுத்துநர் தேவைதான். அதற்கு முதல் ஒரு விடை தேவை.

7

என் மகளுக்கு எட்டு வயது. 1995 இல் எனக்கிருந்த வயது. அவளுக்கு ஷெல்லும் தெரியாது, ஹெலியும் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் வந்தால் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பித்தான் கழற்றுவாள், உடனே போட்டுக்கொண்டு ஓடுவதற்கு வசதியாக. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் அப்படித்தான் கழற்றுகிறேன் என்பதை அவளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

2025 பெப்ரவரி 9 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முன்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கு ஒன்றுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடு சிரித்தது. அந்த நேரம் அம்மாவும் மகளும் கீழே கடைக்குப் போய்விட்டுத் திரும்பி லிஃப்டுக்குள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. எங்களுடையது பழைய கட்டடம், ஜெனரேட்டர் இல்லை. நான் படிக்கட்டால் ஓடி இறங்கினேன். காவலாளி சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். இரும்புக் கதவில் காதை வைத்தேன்.

உள்ளே இருட்டுக்குள்ளிருந்து மகளின் குரல். "ஆறு பதின்மூண்டு எழுபத்தெட்டு. ஏழு பதின்மூண்டு... எண்பத்தொண்டு?"

"பிழை. முதல்ல இருந்து."

"அய்யோ அம்மம்மா!" என்று அவள் சிரித்தாள்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு வெளியே வந்தபோது மகள் விளையாடி முடித்த பிள்ளைபோல இருந்தாள். அம்மா கையில் மரக்கறிப் பையோடு, ஒன்றும் நடக்காத முகத்தோடு இருந்தார். முப்பது வருடம் முன்பு மாமரத்துக்குக் கீழே நான் பார்த்த அதே முகம். அது எவ்வளவு பாரமான முகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மகள் பார்க்கமுதல் பின்னால் மறைத்தேன். பிறகு யோசித்து, முன்னுக்கு எடுத்து, அவள் கையைப் பிடித்தேன்.

"அம்மா பயந்திட்டீங்களோ?"

"ஓம்" என்றேன். "வா, மேல போவம். உனக்கொரு கதை சொல்லவேணும். அம்மம்மாவின்ர பையைப் பற்றி."